மரம், மண், புகை: கண்டி வீட்டுத்தோட்டத்து விளைச்சல் தங்கும் இடங்கள்

கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பலா முற்றுவதும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதும் ஒரே காலத்தில் நடக்கின்றன. சித்திரையில் கறிக்குப் பதமாக இருக்கும் காய் வைகாசி, ஆனியில் முற்றி, ஆடிக்குள் பழுத்து விழுந்துவிடும். ஈரப்பலாவும் ஆனைக்கொய்யா என்கிற அவகாடோவும் ஏறக்குறைய அதே மாதங்களை ஒட்டித்தான் மலிகின்றன. அந்தக் காலத்தில் முற்றத்தில் பாய் விரித்தால் அரை நாள் வெயிலுக்குக்கூட உத்தரவாதம் கிடையாது. வெயில் நன்றாக எறிக்கும் தை, மாசியில் காயப்போடுவதற்கு அவ்வளவாக உணவுப்பொருள் இல்லை. வீட்டுத்தோட்ட விளைச்சலை எப்படிச் சேமிப்பது என்று இந்தப் பக்கத்தில் யார் யோசித்தாலும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சிக்கலில்தான்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே. மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர். பெப்ரவரிதான் ஓரளவு வறண்ட மாதம். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட மழை கொட்டித் தீர்க்கும். ஆள் வாழ்வதற்கு அருமையான இந்தக் காலநிலை பூஞ்சணத்துக்கும் அதே அளவு அருமையானது. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பொருளும் இந்தக் காற்றில் நாலு நாள் திறந்து கிடந்தால் பதத்துப்போகும்.

வெளியூர்களில் எழுதப்பட்ட சேமிப்பு ஆலோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கும் காரணம் இதுவே. குளிர்நாட்டுக்காரர்கள் கிழங்கையும் அப்பிளையும் நிலவறையில் அடுக்கிக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அங்கே மண்ணே குளிர்ந்து கிடக்கிறது. கண்டியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். நைஜீரியாவின் முகமது பா அபா என்ற ஆசிரியர் பானைக்குள் பானை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பி மரக்கறியைப் பல நாள் வாடாமல் வைத்த முறைக்கு 2000 ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. டில்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதே தத்துவத்தில் செங்கல்லால் ஒரு குளிரறையை வடிவமைத்தது. இரண்டும் நல்ல முறைகள்தான். ஆனால் இரண்டும் வறண்ட காற்றை நம்பியவை. தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். அனுராதபுரத்து ஓகஸ்ட் மாதத்தில் அது நடக்கும். கண்டியின் ஜூன் மாதக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருப்பதால் பானை குளிராது. உள்ளே வைத்த கத்தரிக்காயின் காம்பில் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக என்ன செய்தார்கள்?

மரமும் மண்ணும்

கண்டி வீட்டுத்தோட்டம் பாத்தி கட்டி வரிசையாக நட்ட தோட்டம் அல்ல. மேலே தென்னை, பலா, கித்துள், கமுகு. அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், கொறுக்காய், ஆனைக்கொய்யா. மரத்தைப் பிடித்து ஏறும் மிளகு. அதற்கும் கீழே கோப்பி, வாழை. நிலத்துக்குள் மரவள்ளியும் இராசவள்ளியும் இஞ்சியும் மஞ்சளும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு என்றே தோன்றும். யட்டிநுவர, உடுநுவர, ஹாரிஸ்பத்துவப் பக்கங்களில் ஏக்கருக்குக் குறைவான நிலத்தில்கூட இத்தனையையும் காணலாம்.

இந்தக் கலப்பின் பெரிய பயன் எல்லாம் ஒரே நாளில் வந்து குவியாது என்பதே. ஒரு பலாமரத்திலேயே பிஞ்சும் காயும் பழமும் ஒன்றாகத் தொங்கும். 1660 இல் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679 இல் தப்பியோடும்வரை கண்டி அரசில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தன் நூலில் பலாவைப் பிஞ்சாகவும் காயாகவும் பழமாகவும் தனித்தனியே எடுத்துச் சொல்லி, அது மக்களின் உணவில் பெரும்பங்கு என்றும் எழுதியிருக்கிறார். அவர் கடைசியாகக் குடியிருந்த எலதெத்த உடுநுவரவில்தான் இருக்கிறது. வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்து வைப்பதையும் அதே நூலில் குறித்திருக்கிறார். அது தோட்டத்துக் கதை அல்ல; ஆனாலும் உப்பு இல்லாத இடத்தில் மனிதர் என்ன செய்வார்கள் என்பதற்குச் சான்று.

ஆனைக்கொய்யாவின் இயல்பு இன்னும் வசதியானது. அது மரத்தில் முற்றும், ஆனால் மரத்தில் கனியாது. பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். அதனால் முற்றிய காயை மரத்திலேயே சில வாரங்கள் விட்டுவைத்து, வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம். பிரிட்ஜில் வைப்பதைவிட இது நல்ல சேமிப்பு. கனியாத காயைப் பிரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கி உள்ளே சாம்பல் நிறமாகிவிடும்.

மண்ணுக்குள் இருப்பது மரவள்ளி. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் அதன் உள்ளே நீலக்கோடு ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு தள்ளவேண்டியதுதான். பிடுங்காமல் விட்டால் மாதக்கணக்கில் இருக்கும், சற்று நார் பிடிப்பதைத் தவிர. எனவே விவரம் தெரிந்தவர்கள் ஒரு செடியில் ஒரு பக்கத்துக் கிழங்கை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். இராசவள்ளிக்குக் கொடி காய்ந்த பிறகும் அவசரமில்லை.

இந்த இரண்டு களஞ்சியங்களும் இன்று ஓட்டை விழுந்து கிடக்கின்றன. ஓட்டை போட்டது குரங்கும் காட்டுப்பன்றியும். கண்டி நகர எல்லைக்குள்ளேயே குரங்குக் கூட்டம் கூரை ஓட்டைக் கழற்றிப்போடுகிறது. தோட்டத்தில் இளநீர்க் குரும்பையையும் பலாப்பிஞ்சையும் கடித்து எறிகிறது. இந்தத் தொல்லை நாடு முழுதும் பெருகியதால் 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு, மக்கள் தத்தம் நிலத்தில் நிற்கும் குரங்கு, மயில், மலையணில் ஆகியவற்றை எண்ணி எழுதித்தரும் கணக்கெடுப்பொன்றை அரசே நடத்தியது. எண்ணிய முறை பற்றிப் பல கேலிகள் எழுந்தன. கேலி ஒருபுறம் இருக்க, மரத்தில் விட்டுவைத்தால் நமக்குக் கிடைக்காது என்ற பயம் வந்தவுடன் எல்லோரும் முன்கூட்டியே பறிக்கிறார்கள். பறித்தது எல்லாம் ஒரே நேரத்தில் குசினிக்கு வந்து சேருகிறது. மண்ணுக்குள் விட்ட மரவள்ளியைப் பன்றியும் முள்ளம்பன்றியும் கிண்டிவிடுகின்றன. பலாமரம் ஏறவும் கித்துள் சீவவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்க, வயதானவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.

மரத்தைக் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. அதற்கு முன்பே முதலாம் உலகப்போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தைக் கண்ட ஆதர் வி. டயஸ் பலாக்கன்று நடும் இயக்கத்தைத் தொடங்கி 'கொஸ் மாமா' என்று பெயரெடுத்தார். மரத்தைக் காப்பாற்றிய அளவுக்கு மரத்திலிருந்து விழுவதைக் காப்பாற்ற இந்த நாடு யோசித்ததில்லை என்பது என் எண்ணம்.

அடுப்புக்கு மேலே

மரத்திலும் மண்ணிலும் நிற்காததைப் புகை காப்பாற்றியது. பழைய கண்டி வீட்டின் குசினியில் விறகடுப்புக்கு மேலே, ஆள் கையெட்டும் உயரத்தில் மூங்கிலாலும் கமுகஞ்சலாகையாலும் கட்டிய ஒரு பரண் இருக்கும். சிங்களத்தில் தும் மெஸ்ஸ என்பார்கள். மூன்று வேளையும் அடுப்பு எரிவதால் அந்தப் பரண் எப்போதும் இளஞ்சூட்டில், உலர்ந்து இருக்கும். வெளியே பத்து நாள் அடைமழை பெய்தாலும் வீட்டில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். புகையிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் பூஞ்சணத்தையும் வண்டையும் அண்டவிடாது.

பலாக்காய் உலர்த்துவதை எடுத்துக்கொள்வோம். நன்றாக முற்றி, ஆனால் பழுக்கத் தொடங்காத காயைப் பிளந்து, சுளையைக் கொட்டை நீக்கி நீளவாக்கில் விரலளவு கீற்றுகளாக நறுக்கவேண்டும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து வடியவிடவேண்டும். இந்தப் படியை விட்டால் காய் கறுத்துவிடும், பிறகு ஊறவைத்தாலும் மெதுவாகாது. சுளையிலுள்ள நொதியங்களை அடக்குவது இந்தக் கொதிநீர்தான். அப்புறம் கிடைத்த வெயிலில் ஒரு நாளோ இரண்டு நாளோ. மீதியைப் பரண் பார்த்துக்கொள்ளும். கீற்றை மடித்தால் வளையாமல் ஒடிந்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். சாக்கில் கட்டி அதே பரணில் தூக்கிப்போட்டால் அடுத்த பருவம்வரை இருக்கும். சமைக்கும்போது சில மணித்தியாலம் ஊறவைத்துத் தேங்காய்ப்பாலில் வேகவிட்டால், புகைவாசம் கலந்த, பச்சைக் காய்க் கறியிலிருந்து முற்றிலும் வேறான ஒரு கறி. அதன் ருசியை விரும்புகிறவர்கள் பச்சைக் காய் கிடைக்கும் காலத்திலும் இதையே கேட்பார்கள்.

பலாக்கொட்டைக்கு வேறு வழி. கழுவி ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஒரு பானையில் காய்ந்த மணலை ஒரு படை, கொட்டையை ஒரு படை என்று மாறிமாறிப் போட்டு மூடிவைப்பார்கள். மணல் கொட்டையின் ஈரத்தை முழுக்கப் போகவும் விடாது, புதிதாக ஈரம் சேரவும் விடாது. மழைக்காலத்தில் சம்பலுக்கும் கறிக்கும் பானையிலிருந்து ஒரு பிடி.

கொறுக்காயைத் தமிழ்நாட்டில் குடம்புளி என்பார்கள். அந்தப் பழத்தைத் தனித்தனிச் சுளையாகப் பிரித்து வெயிலிலும் புகையிலுமாகக் காயவைத்தால் கறுத்துச் சுருங்கி ஆண்டுக்கணக்கில் இருக்கும். மீனுக்குப் புளிப்பு மட்டுமல்ல, அதுவே மீனைக் கெடாமலும் காக்கிறது. கித்துள் கருப்பட்டி பாக்குமட்டையிலோ காய்ந்த வாழையிலையிலோ சுற்றிப் பரணுக்குப் போகும். ஈரக் காற்றில் வெளியே வைத்தால் இரண்டு நாளில் கசிந்துவிடும். விதைக்கென்று விட்ட பீர்க்கும் சோளக்கதிரும் அடுப்புக்கு மேலே தொங்கும். கன்னொறுவையில் 1988 முதல் இயங்கும் தாவர மரபுவள நிலையம் குளிரறையில் செய்யும் வேலையை ஒரு சிறு அளவில் அந்தப் புகைக்கூரை செய்துகொண்டிருந்தது.

உப்பு ஏன் இந்தக் கதையில் இவ்வளவு குறைவாக வருகிறது? கடற்கரை ஊர்களில் உப்பிட்டு வைப்பதுதான் முதல் வழி. கண்டி அரசுக்கோ சொந்த உப்பளம் கிடையாது. 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்த பிறகு, உப்பு அள்ளும் உரிமையே எழுதி வாங்கவேண்டிய சலுகையாகிவிட்டது. தவளம் என்ற பொதிமாட்டு வரிசைகள் உப்பையும் கருவாட்டையும் மேலே ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கின. விலை கொடுத்து வாங்கும் உப்பைப் பலாக்காய்க்குக் கொட்ட யாருக்கும் மனம் வராது. மலைநாட்டுச் சேமிப்பு புகையையும் புளிப்பையும் பற்றிக்கொண்டதற்கு மழையோடு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 2025 மே மாதத்தில் மழையால் உப்பு விளைச்சல் கெட்டு நாடெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஊறுகாய் போடுகிறவர்களுக்கு அந்தப் பழைய நிலைமை கொஞ்சம் விளங்கியிருக்கும்.

உப்பை நம்பிய ஒரு விதிவிலக்கு தேசிக்காய் ஊறுகாய். காயை நாலாகக் கீறி, துண்டு பிரியாமல் உள்ளே உப்பை அடைத்துச் சாடியில் சில நாள் ஊறவைத்து, வெளியே எடுத்துத் தோல் பழுப்பாகும்வரை வெயிலில் காயவைத்து, பிறகு தேசிப்புளியை ஊற்றி மூடினால் போதும். சிங்கள வீடுகளின் லுணு தெஹியும் இதுதான். தேசிக்காய் மலிந்தால் தெருவில் கொட்டும், அரிதானால் ஒன்று இரண்டாக எண்ணி விற்கும். அப்படிப்பட்ட காய்க்கு இதைவிடப் பொருத்தமான காப்புறுதி இல்லை.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டத் தமிழரின் வழி சற்று வேறு. கோப்பிக் காலத்தில் வந்து, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட பிறகு அதிலேயே வேரூன்றிய மக்கள் தமிழ்நாட்டு வற்றல் முறைகளைக் கூடவே கொண்டுவந்தார்கள். மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய் வற்றல், வடகம். ஊரில் இவையெல்லாம் சித்திரை, வைகாசி வெயிலின் வேலை. கண்டியில் சித்திரை மாதத்துக் காலை வெயிலை நம்பிப் பாய் விரித்தால் பிற்பகல் இடிமழை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கங்களில் வற்றல் மாசி, பங்குனிக்கு முன்னால் நகர்ந்தது. ஒற்றை அறை லயத்தில் தனிப் பரணுக்கு இடம் ஏது? அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கும் கூடைதான் பரண். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் விளையும் போஞ்சியும் கோவாவும் வற்றலாகும் சாதி அல்ல. அவை அன்றன்றைக்கே தீர்ந்தன, அல்லது சந்தைக்குப் போயின.

புகைப்பரணை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. புகையில் புற்றுநோயை உண்டாக்கும் கூறுகள் உண்டு. அதைவிட, மூடிய குசினியில் நாள் முழுக்க ஊதுகுழலோடு குந்தியிருந்த பெண்களின் நெஞ்சு வாங்கிய புகை பெரிய கணக்கு. அந்தக் கணக்கைக் குறைக்கத்தான் கண்டியில் இயங்கிய ஐடியா அமைப்பு போன்றவை 1990களில் இரட்டை வாய் வைத்த 'அனகி' களிமண் அடுப்பைப் பரப்பின. விறகு குறைந்தது, புகையும் குறைந்தது. பிறகு காஸ் வந்தது. பெண்களுக்கு இது நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் அடுப்பு மாறியதோடு வீட்டின் ஒரே உலர்ந்த இடமும் போய்விட்டது. அதற்குப் பதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பாயைப் பிடித்துக்கொண்ட வாசனைப்பயிர்

தை, மாசியில் கண்டித் தோட்டத்து முற்றங்களைப் பார்த்தால் பாய்களும் படங்குகளும் நிறைந்திருக்கும். அவற்றில் கிடப்பது கராம்பும் மிளகும். காசு தரும் பொருட்களுக்கே வெயில் முதலில் ஒதுக்கப்படுகிறது. அவற்றின் பக்குவத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு நிகர் இல்லை. கராம்பு மொட்டைக் காம்பு நீக்கி நாலைந்து நாள் வெயிலில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு எடை மிஞ்சும்; ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும். மிளகைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும், ஒரே சீராகக் கறுக்கும், தூசும் கிருமியும் குறையும். சாதிக்காயை ஓட்டோடு காயவைத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று உருண்டால் ஈரம் போய்விட்டது. மேலே சிவந்த வசுவாசி தனியாகக் காயும்.

இந்தப் பயிர்களுக்குப் பின்னால் ஒரு திணைக்களமே இருக்கிறது. 1972 இல் தொடங்கிய ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையிலும் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலும் உள்ளன. அறுவடைக்குப் பிந்திய பக்குவத்துக்குப் பயிற்சியும் கருவி வாங்க உதவியும் உண்டு. அக்கறைக்குக் காரணம் வெளிநாட்டுச் சந்தை. சரியாகக் காயாத சாதிக்காயிலும் மிளகாயிலும் அப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு சேரும். 1960 இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் உலகம் இந்த நஞ்சை அறிந்தது. இன்று ஐரோப்பியத் துறைமுகத்தில் அளவு மீறினால் சரக்கு திரும்பிவரும். வீட்டில் நாம் தின்பதற்கு வைத்த கொப்பராவிலும் காய்ந்த மிளகாயிலும் அதே நஞ்சு இருக்கலாம், ஆனால் அதைத் திருப்பி அனுப்பத் துறைமுகம் இல்லை. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு வறுத்தால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு, இந்த நஞ்சு சமையல் சூட்டுக்கு அசையாது.

உணவுப் பக்கத்திலும் நிறுவனங்கள் இல்லாமலில்லை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். கங்கைக்கு அக்கரையில் கன்னொறுவையில் உணவு ஆராய்ச்சி அலகு பழம், மரக்கறி, பலா பதனிடும் முறைகளை உருவாக்கிப் பயிற்சி தருகிறது. பக்கத்திலேயே ஹெல போஜுன் உணவகத்தில் கிராமத்துப் பெண்கள் பலாவிலும் குரக்கனிலும் சிற்றுண்டி செய்து விற்கிறார்கள்; விடுமுறை நாட்களில் இடம் பிடிப்பதே கஷ்டம். அறிவுக்குக் குறைவில்லை. கன்னொறுவையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் பலாப்பழம் அழுகி ஈ மொய்ப்பது வேறு காரணத்தால்: அங்கே படித்துத் திரும்பும் பெண்ணின் வீட்டில் உலர்த்தி இல்லை, ஜூனில் வெயிலும் இல்லை.

இதைவிடப் பழைய ஒரு முயற்சியும் நினைவுக்கு வருகிறது. கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த மருத்துவர் மேரி இரத்தினம் 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். 1897 இல் ஒன்ராறியோவின் ஸ்டோனி கிறீக்கில் பிறந்த கிராமப் பெண்கள் கழகங்களே அதற்கு முன்மாதிரி. அந்தக் கழகங்கள் பிறநாடுகளில் பழம் போத்தலில் அடைப்பதற்கும் ஜாம் காய்ச்சுவதற்கும் பெயர்பெற்றவை. 1940 இல் இங்கிலாந்தில் அரசே சீனி கொடுத்து அவர்களை ஜாம் காய்ச்ச வைத்தது. இலங்கைக் கிளை சுகாதாரத்தையும் வீட்டுத்தோட்டத்தையும் கைத்தொழிலையும் பிடித்துக்கொண்டது. மேரி இரத்தினத்துக்கு 1958 இல் மக்சேசே விருது கிடைத்தது. ஜாம் காய்ச்சும் பழக்கம் மட்டும் ஏனோ மலைநாட்டுக் கிராமத்து வீட்டில் ஊன்றவில்லை. சீனி விலையும் மூடி இறுகும் போத்தல் கிடைக்காததும் போதிய விளக்கம் என்று நினைக்கிறேன்.

பெட்டியும் போத்தலும்

இப்போது நடுத்தர வீட்டின் களஞ்சியம் பிரீசர். வெட்டிக் கொதிநீர் காட்டிய பலாக்காய், துருவிய தேங்காய், ஈரப்பலாத் துண்டு எல்லாம் பையில் கட்டி உள்ளே போகின்றன. சுவைக்கும் சத்துக்கும் இது குறைவில்லாத முறை. அதன் பலவீனம் 2022 இல் தெரிந்தது. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. பிரீசரில் இருந்தது உருகியது. காஸும் இல்லாததால் உருகியதை உடனே சமைத்துத் தீர்க்கவும் வழியில்லை. கழற்றிப்போட்ட விறகடுப்புகள் திரும்ப வந்தன; சில வீடுகளில் பரணும் வந்தது. அதே ஆண்டு ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றது அமைச்சரவை. 2011 இல் திவி நெகும, பிறகு வேறு பெயர்களில் வேறு திட்டங்கள் என்று வீட்டுத்தோட்ட இயக்கங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பேச்சு விதை, கன்று, பசளை பற்றியது. விளைந்ததை வைப்பது பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு பந்தி.

போத்தலில் அடைப்பது மின்சாரம் கேட்காத வழி. ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை உண்டு, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. 1810 இல் பிரான்சின் நிக்கொலா அப்பேர் போத்தலில் உணவை அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துக் காக்கும் முறையை வெளியிட்டார். புளிப்பான பொருளுக்கு அது இன்றும் சரி. அன்னாசி, தேசி, அம்பரெல்லா, வினாகிரி சேர்த்த அச்சாறு போன்று அமிலச் சுட்டெண் 4.6 க்குக் கீழே இருப்பவற்றில் பொட்டுலினம் கிருமியின் வித்து முளைக்காது. பலாக்காய், போஞ்சி, கிழங்கு இவை புளிப்பில்லாதவை. அவற்றை வெறும் கொதிநீரில் வேகவைத்த போத்தலில் அடைத்தால் வித்து சாகாது. காற்றில்லாத போத்தல் அதற்குப் பிடித்த இடம். அதைக் கொல்ல 121 பாகை சூடு வேண்டும். தண்ணீரோ கண்டியின் உயரத்தில் ஏறக்குறைய 98 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகையில். அமுக்க அடுகலன் இல்லாமல் பலாக்காயை உப்புநீரில் அடைக்க நினைப்பவர்கள் சித்திரிக் அமிலமோ தேசிப்புளியோ அளவாகச் சேர்த்துப் புளிப்பாக்கியே தீரவேண்டும். வெளிநாட்டில் இறைச்சிக்குப் பதிலாகத் தின்னப்படும் தகர டப்பாப் பலாப்பிஞ்சு ஆலையில் இந்த அளவுகளெல்லாம் பார்த்துச் செய்யப்படுவது.

கேரளம் 2018 இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்து, சுளை வறுவலையும் உலர்ந்த பலாவையும் கடைச்சரக்காக்கிவிட்டது. அங்கும் மே, ஜூனில் மழைதான். அவர்கள் வெயிலை நம்பி இருக்கவில்லை. சூடான காற்றில் உலர்த்தும் பெட்டிகளைப் பெண்கள் குழுக்கள் வைத்து நடத்துகின்றன. பசிபிக் தீவுகளில் ஈரப்பலாவை இலை விரித்த குழியில் புளிக்கவைத்து ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். அந்த வாடைக்கு நம்மவர்கள் இணங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் ஈரப்பலாவைத் தண்ணீரில் அமிழ்த்தி மேலும் ஓரிரு நாள் தள்ளுவதோடு சரி.

சூரிய உலர்த்தி பற்றி நிறையப் பேசப்படுகிறது. கண்டியில் அது பெப்ரவரிக்கு உதவும். அப்போது பாயே போதும். ஜூன் மாதத்துக்கு வேண்டியது விறகைக் கீழே எரித்து, புகையைக் குழாயால் வெளியே விட்டு, சூடான காற்றை மட்டும் தட்டுகளுக்கு ஏற்றும் உலர்த்தி. அதாவது பழைய பரண், புகை நீங்கலாக. எரிக்க மிளகுக்கொடி ஏறிய கிளிசரியாக் கிளை இருக்கிறது, தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று வாங்குவது கட்டாது. ஆனால் கராம்பும் மிளகும் காயவைக்கவென்று ஊருக்குள் ஏற்கெனவே இப்படிப்பட்ட உலர்த்திகள் சில வந்திருக்கின்றன. வாசனைப்பயிர் அறுவடை ஓய்ந்ததும் பெரும்பாலும் அவை சும்மா கிடக்கின்றன. பலா முற்றுவது அதற்குப் பிறகு. ஒரு கிராமத்துச் சங்கம் நாள் கூலிக்கோ, காய்ந்த பலாவில் ஒரு பங்குக்கோ அதைத் திறந்துவிட்டால் புதிதாக வாங்கவேண்டியது அதிகமில்லை. சூடு 60 பாகை அளவில் நின்றால் போதும். அதற்கு மேல் போனால் கீற்றின் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும். மிளகு வாசம் பலாவில் ஏறும் என்பதால் தட்டுகளை மட்டும் வேறாக வைத்துக்கொள்ளவேண்டும். காய்ந்ததும் மெல்லிய பொலித்தீன் பையில் கட்டாமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியிலோ கண்ணாடிப் போத்தலிலோ சூடு ஆறியபின் அடைக்கவேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.